மானேஜர்கள் வரைந்த என் நாள்

டேப் வைத்து அளந்தவனை நான்தான் முதலில் பார்த்தேன்.

காலை டிபன் முடிந்து பாத்திரமெல்லாம் தொட்டியில் கிடந்த நேரம். ஆபீஸ் சாரோடு ஒரு ஆள் சமையல்கட்டுக்குள் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. அடுப்பு மேடையை அளந்தான், ஸ்டோர் ரூம் கதவை அளந்தான், பிரிட்ஜைத் திறந்து எட்டிப் பார்த்தான். நாங்கள் மூன்று பேர் அங்கே நின்றிருந்தோம். எங்களை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் சட்டைப் பையின் மேல் கரண்டியும் முள்கரண்டியும் குறுக்கே வைத்த மாதிரி ஒரு படம் தைத்திருந்தது. அவன் போன பிறகு ஆபீஸ் சாரைக் கேட்டேன்.

"யாரு சார் அது?"

"சும்மா பாக்க வந்தாரும்மா."

"என்னத்த பாக்க?"

"கிச்சனத்தான். நீங்க சாம்பாரைப் பாருங்க."

சும்மா பார்க்க வருகிறவன் டேப் எடுத்துக்கொண்டு வருவானா?

நான் வேலை செய்கிற இடம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா. கிராமங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் மானேஜர்களுக்கு அங்கே பயிற்சி நடக்கும். ஏரி தூர் வாருகிறவர்கள், பெண்கள் சங்கம் நடத்துகிறவர்கள், ஆடு வளர்க்கச் சொல்லித் தருகிறவர்கள் என்று கோலார், ராய்ச்சூர், தர்மபுரி, அனந்தபூர் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். பன்னிரண்டு நாள் தங்கிப் படித்துவிட்டுப் போவார்கள். மக்களை நடுவில் வைத்துத் திட்டம் போடுவது எப்படி என்பதுதான் பாடம். வகுப்பறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே சாப்பாடு நீட்டுகிற ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாக ஒன்பது வருஷமாக நானும் அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டுதான் சாம்பார் கிளறுகிறேன். எட்டாவது வரை படித்தவளுக்கு அது போதும்.

சமையல்கட்டில் மூன்று பேர். நான் லிங்கராஜபுரத்திலிருந்து விடிவதற்கு முன்பே மேம்பாலத்தைத் தாண்டி நடந்து வருவேன். சப்பாத்தியும், முத்தை என்கிற ராகிக் களி உருண்டையும் போடுகிறவள் கன்னடக்காரி, அடுத்த தெருவிலேயே வீடு. பாத்திரம் தேய்த்துக் காய் நறுக்கிக் கொடுப்பவள் ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். திருவண்ணாமலைப் பக்கம், நாற்பதைத் தாண்டியவள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். சோப்புத் தண்ணீரிலேயே இருந்து அவள் விரலெல்லாம் வெடித்திருந்தது. கையுறையும் வெந்நீரும் கேட்கலாமா என்று தீபாவளியிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சமயம் பார்த்துக் கேட்கலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பக்கத்துத் தெரு ஹாஸ்டலில் இப்படித்தான் ஆயிற்று. முதலில் யாரோ வந்து அளந்தார்கள். அடுத்த மாதம் வேனில் டப்பா டப்பாவாகச் சாப்பாடு வந்து இறங்கியது. சமைத்துக்கொண்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் டேப்காரன் போன நாளிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். இந்த அடுப்பு எங்கள் கையை விட்டுப் போகப் போகிறது.

அடுத்த திங்களே புதிதாக ஒரு கூட்டம் பயிற்சிக்கு வந்தது. நான்காம் நாள் காலை மேடம் சமையல்கட்டுக்குள் வந்தார். மேடம் என்றால் பயிற்சி நடத்துகிறவர், மைசூர்ப் பக்கம், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அக்கா, ஒரு ஹெல்ப் வேணும். இவங்கள்லாம் அடுத்த வாரம் கிராமத்துக்குப் போய் ஜனங்ககிட்ட பேசணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசிப் பழகட்டும்."

"எங்ககிட்ட பேச என்னா மேடம் இருக்கு?"

"உங்க நாளைப் பத்தி. எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் என்ன வேலை, எவ்வளவு நேரம், என்ன கஷ்டம். அதை வட்டமா, ஒரு கடிகாரம் மாதிரி வரைவாங்க."

"வரைஞ்சு?"

"சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் படிப்பாங்க. கமிட்டி சாரும் வரார்."

கமிட்டி சார்தான் அந்த இடத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர். யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். டேப்காரன் அடுப்பை அளந்தான், இவர்கள் எங்களை அளக்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் ஒரு கூட்டமும் எங்களிடம் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்டதில்லை. டேப்காரன் வந்து போன அடுத்த வாரமே எங்கள் நாளைக் கேட்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்?

மேடம் போனதும் இரண்டு பேரையும் ஸ்டோர் ரூமுக்குள் அழைத்துப் போய், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு எழுந்திருக்கறேன்னு கேட்டா, ஆறுன்னு சொல்லுங்க."

"ஆறா?" என்றாள் ஈஜிபுராக்காரி. "ஆறு மணிக்கு நான் சிவாஜிநகர்ல பஸ் மாறிக்கினு இருப்பேன்கா."

"அதான் சொல்றேன். நாலு மணின்னு உண்மையச் சொன்னா, ஐயோ பாவம், வயசான பொம்பளைங்க, இவங்களால முடியாதுன்னு எழுதிப்பாங்க. அடுத்த நாளே வேன் வந்து நிக்கும். எது கேட்டாலும் நல்லா இருக்கு, சுகமா இருக்கு, ஒரு கஷ்டமும் இல்ல. புரிஞ்சுதா?"

சப்பாத்திக்காரி கையைத் தட்டி மாவை உதிர்த்தாள். "நானு ஏனும் ஹேளல்லப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டேன், எனக்குத் தமிழ் வராதுன்னு சொல்லிடறேன்."

"அவங்க கன்னடத்துல கேப்பாங்க."

"ஹாகாதரே கன்னடானும் பரல்ல அந்தீனி." கன்னடமும் தெரியாது என்று கன்னடத்திலேயே சொல்லிவிடுவாளாம்.

ஈஜிபுராக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, கையப் பாத்துட்டு அவங்களே கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கைய முந்தானைக்குள்ள வெச்சுக்கோ."

அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

மற்றவர்கள் வாட்ச்மேன், தோட்டக்காரர் என்று பிரிந்து போக, அன்று மதியம் எங்களிடம் வந்தவர் கட்டம் போட்ட சட்டை போட்ட ஒரு மானேஜர். தர்மபுரிப் பக்கத்தில் ஏரி வேலை பார்ப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும். குரல் பூனை நடப்பது மாதிரி. அவரை எனக்கு முன்பே தெரியும், அதாவது பார்த்திருக்கிறேன். முந்தின நாள் ஐந்தே கால் மணிக்கு நான் வேலைக்கு வரும்போது, பூங்கா முனையில் குல்லா போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். "வணக்கம்மா" என்றார். நான் தலையோடு சால்வை போர்த்தியிருந்தேன். ஆள் அடையாளம் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அது அவரைக்காய்க் காலம். பெங்களூரில் தை மாதத்தில் எந்த வீட்டைத் திறந்தாலும் அந்த வாசனைதான். அவரைக்கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு குண்டானில் போய் விழும். பிதுக்கு பருப்பு என்போம். இருபத்தைந்து பேருக்குக் குழம்பு வைக்க வேண்டுமானால் மூன்று பேர் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பிதுக்க வேண்டும். சாப்பாட்டுக்கடை முடிந்து நாங்கள் தரையில் குண்டானைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நானும் சப்பாத்திக்காரியும் பிதுக்கினோம். ஈஜிபுராக்காரியின் விரலில் தண்ணீர் பட்டால் எரியும் என்பதால் அவள் தள்ளி உட்கார்ந்து காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு நாற்காலி போட்டோம். வேண்டாம் என்று எங்களோடு தரையில் உட்கார்ந்தார். தரையில் உட்காருகிற மானேஜரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏதோ பெரிதாக வேண்டியிருக்கிறது, அதனால்தான் இறங்கி உட்காருகிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு பெரிய சார்ட் தாளை விரித்தார், கலர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே வரையுங்கம்மா. பேனா உங்க கையிலதான் இருக்கணும்னு மேடம் சொல்லியிருக்காங்க."

பேனாவை வாங்கி நான் ஏதாவது எழுதி, அதுவே எனக்கு எதிராகத் திரும்பினால்? "எனக்கு எழுதப் படிக்க வராதுப்பா" என்றேன்.

"பரவால்லம்மா, நான் எழுதறேன். காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"ஆறு, ஆறரை."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஆறரை என்று எழுதினார். பிறகு சும்மா இருக்க முடியாமலோ என்னவோ, அவரும் ஒரு கை அவரைக்கொட்டையை அள்ளிப் பிதுக்க ஆரம்பித்தார். வீட்டில் பழக்கம் போலிருக்கிறது, நன்றாகவே பிதுக்கினார்.

"மத்தியானம் சாப்பாடு முடிஞ்சப்புறம் என்னம்மா செய்வீங்க?"

"அப்புறம் என்னா, ஓய்வுதான். ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் ஒரு வேலையும் கிடையாது. இவங்க ஒரு தூக்கம் போடுவாங்க. நான் பைபிள் படிப்பேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இப்போதுதான் படிக்கத் தெரியாது என்று சொன்னேன். அந்த மனிதர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே கால். குண்டானைப் பார்த்தார். நனைந்திருந்த தன் விரலைப் பார்த்தார். விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, 'இரண்டு முதல் ஐந்து: ஓய்வு, தூக்கம், பைபிள்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

பிறகு ஈஜிபுராக்காரியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்காக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொட்டையைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்லா இருக்குது."

"கை ஏன் அப்படி வெடிச்சிருக்கு?"

முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். "அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் சார்."

'கஷ்டம்: இல்லை' என்று அதையும் எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது, தான் பிதுக்கிய பருப்பைக் குண்டானில் சேர்த்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார். நன்றி சொன்னது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாக மேடம் பாடம் நடத்துவதைக் கேட்டேன். "அவங்க சொன்னதை மாத்தாதீங்க. திருத்தாதீங்க. வாதாடாதீங்க. நம்ம வேலை கேக்கறதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாயிற்று. நாங்கள் சொன்னது அப்படியே கமிட்டி சாருக்குப் போகும். சுகமாக இருக்கிறோம் என்று தெரிந்தால் எங்களை எதற்கு மாற்றப் போகிறார்? அன்று சாயங்கால ஜெபத்தில், "கர்த்தாவே, எங்களைப் பிடிக்க விரித்த வலையை நீரே அறுத்துப்போடும்" என்று மன்றாடினேன். பொய் சொன்னதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தைதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்தார். "நீ யாரைத்தான் நம்பியிருக்கே? கல்யாணத்தன்னைக்கு பாஸ்டர் என் பேரைச் சொன்னப்பவே, இந்த ஆள்தானான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தவதானே நீ."

"சரியான ஆளான்னு பாக்க வேணாமா?"

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கே கமிட்டி சார் வந்துவிட்டார். வயசானவர், சத்தமாகப் பேசாதவர், கதர் சட்டை. பிதுக்கு பருப்புக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் எங்கள் மூன்று பேரையும் வகுப்பறைக்குக் கூப்பிட்டு, கடைசி வரிசையில் நாற்காலி கொடுத்தார்கள். அந்த அறையில் நாங்கள் பெருக்கியிருக்கிறோம், உட்கார்ந்ததில்லை.

சுவர் முழுக்க சார்ட்டுகள். என்னுடையது நடுவில் இருந்தது. வட்டம் போட்டு, ஓய்வுக்கு மஞ்சள், ஜெபத்துக்குப் பச்சை, வேலைக்குச் சிவப்பு அடித்திருந்தார். சிவப்பு கொஞ்சம்தான் இருந்தது. பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும், அப்படி ஒரு வாழ்க்கை. கட்டம் போட்ட சட்டைக்காரர் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தார். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி நாள், கஷ்டம் ஒன்றும் இல்லை என்று முடித்தார்.

கமிட்டி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சார்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ரொம்ப சந்தோஷம். நம்ம கிச்சன்ல இருக்கறவங்க இவ்வளவு நிம்மதியா இருக்காங்கன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது." விரலை மஞ்சள் கலரின் மேல் வைத்தார். "ரெண்டுலேர்ந்து அஞ்சு மூணு பேரும் சும்மாதான் இருக்காங்க போலிருக்கே. அப்ப பாத்திரத்துக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு? ரெண்டு பேரே பார்த்துக்கலாமே."

ஆபீஸ் சார் டைரியைத் திறந்து குறித்துக்கொண்டார்.

மேடம் எழுந்தார். "சார், இது வெறும் ஒத்திகைதான். இதை வச்சு அப்படியெல்லாம்..."

"ஜனங்க சொல்றதுதான் முக்கியம்னு நீங்கதானேம்மா சொல்லுவீங்க?"

மேடம் மெல்ல உட்கார்ந்தார்.

இப்போது எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரெண்டு பேர் போதும் என்று அவர் சொன்னதும், எனக்கு முதலில் வந்தது ஒரு ஆறுதல். போகப்போவது நான் இல்லை. டேப்காரன் இல்லை, வேன் இல்லை, அடுப்பு என்னிடம்தான் இருக்கிறது. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் நான் மடியில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஈஜிபுராக்காரி இருந்தாள். அவள் கமிட்டி சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்போதும் முந்தானைக்குள்தான் இருந்தது.

பிறகு எழுந்தேன்.

"சார், அது பொய்."

"எதும்மா?"

"நான் சொன்னது. பூராவும்."

முன்னால் நடந்து போய், மேஜையில் கிடந்த கலர் பேனாவை எடுத்தேன். ஆறரை என்பதை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன். ஐந்தே கால், இங்கே வந்து சேருவது. மஞ்சள் கலரின் மேல் 'பருப்பு பிதுக்குவது, மாவு ஆட்டுவது, ராத்திரிக்குக் காய்' என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பின்னால் யாரோ, "அம்மாவுக்கு எழுத வராதுன்னாங்களே" என்று கிசுகிசுத்தார்கள்.

கமிட்டி சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. வேலை போகும்னு தெரிஞ்சதும் மாத்தறீங்களோன்னு நான் நினைக்கலாமில்லையா? எதை நம்பறது நான்?"

நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் நான் இருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

"சார், இன்னைக்கு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்களே, அந்தப் பருப்பு தானா தோலை விட்டு வராது சார். நேத்து மத்தியானமும் உக்காந்து பிதுக்கினோம், முந்தாநாளும் பிதுக்கினோம். முந்தாநாளு பிதுக்கும்போதுதான் நாங்க தூங்கறோம்னு இந்தத் தம்பிகிட்ட சொன்னேன். அவரும் கூட உக்காந்து பிதுக்கினார். கேளுங்க."

எல்லோரும் கட்டம் போட்ட சட்டைக்காரரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் கமிட்டி சார்.

"பாத்தேன் சார்."

"கூட உக்காந்து வேலையும் செஞ்சீங்களா?"

"செஞ்சேன் சார். கொஞ்சந்தான்."

"காலைல இவங்க வர்றதை?"

"பாத்திருக்கேன் சார். அஞ்சே காலுக்கு. வணக்கம்கூட சொன்னேன்."

"அப்புறம் ஏன்யா ஓய்வுன்னு எழுதினீங்க?"

"அம்மா அப்படித்தான் சொன்னாங்க சார்." அவர் முகத்தில் பொய்யோ குறும்போ எதுவும் இல்லை. "அவங்க சொன்னதை மாத்தக் கூடாது, திருத்தக் கூடாது, வாதாடக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. அவங்க நாள் அது. நான் யாரு சார் அதுல கை வைக்க?"

முதலில் ராய்ச்சூர்க்காரர் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. மேடம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "கேளுங்கன்னுதான் சொன்னேன். கண்ண மூடிக்கோங்கன்னு எப்பய்யா சொன்னேன்?" என்றார். அந்த மனிதர் காது சிவக்க நின்றார். அவரைத்தான் நான் வேவு பார்க்க வந்தவர் என்று நாள் முழுக்கச் சபித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன அத்தனை பொய்க்கும், தன் இரண்டு கண்ணுக்கு மேலாக மரியாதை கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கமிட்டி சாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "சரி, மூணு பேரும் இருக்கட்டும். இந்த வருஷம் இப்படியே போகட்டும்" என்றார். ஆபீஸ் சார் டைரியில் எழுதியதை அடித்ததை நான் கழுத்தை நீட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வந்ததுதான் வந்தோம் என்று அதையும் கேட்டேன்.

"அப்ப டேப் வெச்சு அளந்தவர் யாரு சார்?"

"எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டறதுக்கும்மா" என்றார் ஆபீஸ் சார், கமிட்டி சாரைப் பார்த்துக்கொண்டே.

ஃபேன் போடுகிறவன் பிரிட்ஜை எதற்குத் திறந்தான்? இன்றைக்கு வரை ஃபேன் வரவில்லை. 'இந்த வருஷம்' என்று அவர் சொன்னதையும் நான் மறக்கவில்லை.

சமையல்கட்டுக்குத் திரும்பியதும் சப்பாத்திக்காரி எனக்குக் கை கொடுத்தாள். ஈஜிபுராக்காரி நேராகத் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே.

"கேளு."

"அந்த சார் ரெண்டு பேர் போதும்னாரே, அப்ப நீங்க சும்மா இருந்தீங்க."

"எழுந்து சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. அதுக்கு முன்னாடி சும்மா இருந்தீங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான் இருந்துச்சு." அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்தாள். "பொய் சொல்லுன்னது நம்ம மூணு பேருக்காகன்னு நெனச்சேன். கைய மறைச்சுக்கோன்னீங்க, மறைச்சுக்கினேன். இப்பத்தான் யோசிக்கிறேன், அது யாருக்காகன்னு."

"உனக்காகவும்தான்."

"இருக்கும்கா" என்றாள். அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

அன்று முழங்காலில் நின்றபோது, அந்த ஒரு நிமிஷத்தை ஆண்டவருக்கு முன்னால் வைத்தேன். மூன்று பேருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ஜெபத்தில் சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வரவில்லை. அவளுக்கு நான் சொன்ன பதில் உண்மையா என்று எனக்கே இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து வேலை வழக்கம்போல நடந்தது. அவள் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் நான் ஆபீஸ் சாரோடு இரண்டு வார்த்தை பேசினால் அவள் குழாயைச் சின்னதாக்குவாள், காது எங்கள் பக்கம் திரும்பும். சமையல்கட்டில் அதுவரை அப்படிச் செய்கிறவள் நான் ஒருத்திதான். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டேன். கையுறை வேண்டும் என்று நானே போய் மேடத்திடம் கேட்டேன், அடுத்த வாரமே இரண்டு ஜோடி வந்தது. நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "யார் கேட்டாங்க?" என்றாள். நான்தான் என்றேன். "ஓ" என்றாள்.

பங்குனியில் அடுத்த கூட்டம் வந்தது. மேடம் இந்தத் தடவையும் அவர்களை எங்களிடம் அனுப்பினார். கோலார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மானேஜர், சார்ட்டும் பேனாவுமாகத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் அடுப்பில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். ஈஜிபுராக்காரி கையுறையைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் எனக்குக் கேட்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷம் நின்ற காது.

"அந்தக்கா இருக்கறப்ப வேணாம் மேடம். அப்புறமா வாங்க."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். ரசத்தை மூடி வைத்தேன். "கொத்துமல்லி இல்ல, வாங்கிட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கூடையில் ஒரு கட்டுக் கொத்துமல்லி இருந்தது. அதை அவர்கள் இரண்டு பேரும் பார்த்திருப்பார்கள்.

காம்பவுண்டில் துணி காயப்போடுகிற இடத்துக்கு வந்ததும் உள்ளே குழாய் நின்றது. பேச ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்து நாலு அடி வைத்தால் சமையல்கட்டு ஜன்னல். என்னைப் பற்றித்தான் சொல்கிறாளா, கையைப் பற்றிச் சொல்கிறாளா, பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறாளா என்று தெரிந்துகொள்ள உடம்பெல்லாம் பரபரத்தது. ஒரு அடி வைக்கவும் வைத்தேன். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து, பூங்கா வரைக்கும் நடந்து, அவள் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.